நாய்க்குட்டிக்கு எப்போது டிக்கெட் போடுவது?

செல்லப்பிராணிகள் – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறையைப் பார்த்துக் குட்டி வாங்குகிறோம், ஊர்ப் பயணத்தோடு சேர்த்துத் தூக்கி வருகிறோம், பிறகு டாக்டரிடம் ஓடுகிறோம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒரு கட்டத்தில் எழுதப்பட்டவை. ஒரே ஊருக்குள் குட்டியை எடுத்து வருவது பற்றிய கேள்வி ஒன்றும் வந்திருக்கிறது. கடைசியில் பார்க்கலாம்.

*

கேள்வி: ராஜபாளையம் நாய்க்குட்டிக்காக ராஜபாளையத்திலேயே ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தோம். போன வாரம் குட்டிகள் பிறந்துவிட்டன. “40 நாள் ஆனதும் வந்து தூக்கிட்டுப் போங்க, அப்பத்தான் உங்ககிட்ட ஒட்டும்” என்கிறார். நானும் என் கணவரும் மட்டும் போகிறோம். கார் கிடையாது. ரயிலில் கொண்டுவர முடியுமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் அந்த 40 நாளை விட்டுவிடுங்கள். சீக்கிரம் தூக்கி வந்தால்தான் ஒட்டும் என்பது விற்பவரின் கணக்கு. அவருக்கு இரண்டு வாரத் தீனியும் முதல் தடுப்பூசிச் செலவும் மிச்சம். குட்டி கடிக்கும் அளவைக் கற்பது ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை, தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். பலமாகக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடத்தை நம் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நம் கணுக்கால்தான் இருக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

எட்டு வாரம் என்றால் 56 நாள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அதாவது குட்டி பிறந்த சேதி வருகிற அன்றே டிக்கெட் போட்டுவிடலாம். ஆனால் சரியாக 56-ம் நாளுக்குப் போடாதீர்கள். முதல் தடுப்பூசி போட்டு மூன்று நான்கு நாள் குட்டி அங்கேயே இருக்கட்டும். ஊசிக்குப் பிறகு லேசான காய்ச்சலோ சோர்வோ வந்தால் அது தாயின் பக்கத்தில் வந்து போகட்டும், ஓடும் ரயிலில் வேண்டாம். 58 முதல் 62-ம் நாளுக்குள் ஒரு தேதி சரியாக இருக்கும். உங்கள் குட்டி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டதால் அந்தத் தேதிகளுக்கான முன்பதிவு இப்போது திறந்தே இருக்கிறது. முதல் வகுப்பு ஏசியில் இடம் குறைவு, ஆர்ஏசியும் கிடையாது. இன்றே பாருங்கள்.

ஏன் முதல் வகுப்பு? இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாயோடு பயணிக்க அனுமதி இல்லை. முதல் வகுப்பு ஏசியில் மட்டும், இரண்டு படுக்கை கொண்ட கூபே அல்லது நான்கு படுக்கை கொண்ட கேபின் முழுவதும் உங்களுடையதாக இருந்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, ரயிலின் கார்டு (பாதுகாவலர்) பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டு. இருட்டு, இரும்புச் சத்தம், நீங்கள் பக்கத்தில் இல்லை. வளர்ந்த நாய்க்கே அது கஷ்டம். இரண்டு மாதக் குட்டியை அதில் ஏற்ற நாங்கள் சொல்ல மாட்டோம்.

நீங்கள் இருவர் போவது நல்லதாகப் போயிற்று. ஒரே பிஎன்ஆரில் இரண்டு டிக்கெட் எடுத்தால்தான் கூபே கேட்க முடியும். தனியாகப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு டாக்ஸி, அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு கிளம்பி விடியற்காலை வந்துவிடும், முதல் வகுப்பு ஏசி உண்டு, தாம்பரத்தில் நிற்கும். குட்டியோடு எழும்பூர் வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. டிக்கெட்டில் பெட்டியும் படுக்கை எண்ணும் இருக்காது. சார்ட் போடும்போதுதான் கூபேயா கேபினா என்பது தெரியும். கணினி உங்களை நான்கு படுக்கை கேபினில் இன்னும் இருவரோடு போட்டுவிட்டால் குட்டியைக் கார்டு பெட்டிக்கு மாற்றச் சொல்வார்கள். அதனால் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு, ரயில் கிளம்பும் கோட்டத்தின் வணிகப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிஎன்ஆர் எண், நாய்க்குட்டியோடு பயணம், கூபே ஒதுக்க வேண்டும் – இந்த மூன்று வரி போதும். தடுப்பூசி அட்டை, டிக்கெட் நகல்களை இணையுங்கள். நகல் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரை அனுப்பலாம்.

பயண நாளில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்தில் இருங்கள். டிக்கெட், உங்கள் அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைக் காட்டி, குட்டிக்குத் தனியாகக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் கூடையில் மறைத்துக் கொண்டுவந்து மாட்டினால் சாதாரணக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அபராதம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தால் சனிக்கிழமை காலையே சான்று வாங்கிவிடுங்கள். ராஜபாளையத்தில் ஞாயிறு மாலை டாக்டரைத் தேடி அலைய வேண்டாம்.

ரயிலில்: பிளாட்பாரத்தில் குட்டியின் கால் படவே கூடாது. காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறோம். கூபேயில் கதவைச் சாத்தி, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் செய்தித்தாள் போட்டுவிட்டால் அது குட்டியின் கழிப்பறை. முதல் வகுப்பில் ஏசி நன்றாகவே குளிரும். கூடையைக் காற்று நேராக விழும் இடத்தில் வைக்காமல் கீழ்ப் படுக்கையின் உள்மூலையில் வையுங்கள். இரவு அழும். கூடைக்குள் கையை விட்டு வைத்துக்கொண்டு படுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது: ஒரு பழைய வேட்டித் துண்டை இப்போதே விற்பவருக்கு அனுப்பி, கடைசி மூன்று நாள் தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் போடச் சொல்லுங்கள். துவைக்காமல் அப்படியே கூடைக்குள் வரட்டும். அந்த வாசனை செய்யும் வேலையைக் கடையில் விற்கும் எந்தப் பொம்மையும் செய்யாது.

இன்னொன்று, ராஜபாளையம் நாய் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது. தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு வரும். கூட்டத்தோடு இருக்கும்போது சோதித்தால் தெரியாது. மற்றவை திரும்புவதைப் பார்த்து செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். தனி அறைக்கு எடுத்துப் போங்கள். அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று, காற்றோ நிழலோ படாதபடி சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா? சற்று இடைவெளி விட்டு, வேறு திசையிலிருந்து மூன்று முறை பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு.

  

*

கேள்வி: பெங்களூரில் லேப்ரடார் குட்டி, வயது எட்டரை வாரம். காலையில் காரில் போய் மதியம் குட்டியை வாங்கிக்கொண்டு ராத்திரிக்குள் வீடு திரும்பத் திட்டம். எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும்? குட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒரே நாளில் போய் வருவதை மாற்றுங்கள். சுமார் 350 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்தவர், மதிய வெயிலில் குட்டியோடு மறுபடி 350 ஓட்ட வேண்டும். வெயில் விழும் திசையையும் பாருங்கள். பெங்களூரிலிருந்து சென்னை கிழக்கே இருக்கிறது. காலையில் கிளம்பினால் சூரியன் ஓட்டுநரின் முகத்தில். பின் இருக்கை நிழலில் இருக்கும். மதியத்துக்கு மேல் கிளம்பினால் வேலூர் வரை பின் கண்ணாடி வழியாக வெயில் நேராகக் குட்டியின் முதுகில் விழும். முந்தின நாளே போய்த் தங்கி, காலை ஐந்தரை ஆறுக்குக் கிளம்புங்கள். நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருப்பீர்கள். குட்டிக்குப் புது வீட்டை வெளிச்சத்தில் பார்க்க அரை நாள் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்கும் குட்டி, வீட்டைப் பார்க்காமலேயே இருட்டில் அழத் தொடங்கும்.

சாப்பாடு: கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, வழக்கமான அளவில் பாதி. விடியற்காலை மூன்று மணிக்குத் தருவது கஷ்டம் என்றால் முந்தின இரவுச் சாப்பாட்டைத் தாமதமாகக் கொடுக்கச் சொல்லி, காலையில் ஒன்றும் தராமல் கிளம்பி, முதல் நிறுத்தத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் ஊறிய தீனி கொடுங்கள். முழுப் பட்டினி கூடாது. இந்த வயதில் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும். லேப்ரடாரைவிட பொமரேனியன், சிவாவா போன்ற சிறு இனங்களுக்கு இது அதிகம். குட்டி துவண்டு, தள்ளாடி, ஈறு வெளுத்துக் குளிர்ந்திருந்தால் விரலில் குளுக்கோஸ் கரைசலோ தேனோ தொட்டு ஈறில் தடவிவிட்டு, பக்கத்து ஊரில் டாக்டரைப் பாருங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

மடியில் வேண்டாம், அதுவும் முன் இருக்கையில் வேண்டவே வேண்டாம். திடீர் பிரேக்கில் ஐந்து கிலோ குட்டி கையில் நிற்காது. ஏர்பேக் விரிந்தால் கேட்கவே வேண்டாம். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் கூண்டு எட்டரை வார லேப்ரடாருக்குச் சரியாக இருக்கும். வளர்ந்த லேப்ரடாருக்கு 105 சென்டிமீட்டர் வேண்டும் என்பதால் சின்னதை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பின் இருக்கையில் குறுக்காக வைத்து சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏசி 24, 25-ல் இருக்கட்டும்.

ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இங்கேதான் நல்ல மனிதர்கள் தவறு செய்கிறார்கள். “பாவம், கொஞ்சம் கால் நீட்டட்டும்” என்று ஹோட்டல் வாசல் புல்லில் இறக்கிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே காபி குடிக்க நிற்கும் எல்லாருடைய நாயும் போவது அந்தப் புல்லில்தான். குட்டிகளுக்கு உயிர்போகும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் நிழலான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் குட்டிக்கு ஒரு ஊசிதான் ஆகியிருக்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு குறைந்துகொண்டே வர, ஊசியின் எதிர்ப்பு இன்னும் வராத இடைக்காலம் இது.

எனவே டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் செய்தித்தாள் போட்டு, குட்டியை அங்கே நிறுத்துங்கள். தெரியாத தாளில் சட்டென்று போகாது. அதற்கு ஒரு வழி: கிளம்பும்போது மற்றக் குட்டிகள் நனைத்த தாளில் ஒரு கைப்பிடி கிழித்து ஜிப் பையில் வாங்கி வாருங்கள். புதுத் தாளின் நடுவில் அதை வைத்தால் மோந்துவிட்டு வேலையை முடித்துவிடும். கழுத்துப் பட்டையை நம்பாமல் மார்புப் பட்டை போட்டு வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருங்கள். லாரி ஹாரனுக்கு மிரண்டு டிக்கியிலிருந்து குதித்தால் எதிரே நெடுஞ்சாலை. பிறகு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி கூண்டு.

வாந்தி வரப்போவது முன்பே தெரியும். முதலில் எச்சில் ஒழுகும், அப்புறம் உதட்டை நக்கும், அடிக்கடி கொட்டாவி விடும். அந்தக் கட்டத்திலேயே கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, வண்டியை நிதானப்படுத்தினால் பாதி நேரம் தப்பிக்கலாம். காதின் சமநிலை உறுப்பு முழுமையாகாததால் வருவது இது. வளர வளரப் பல நாய்களுக்குச் சரியாகிவிடும். நாம் போட்டுக்கொள்ளும் பயண மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பழைய துண்டு நான்கு, ஈரத் துடைப்பான், குப்பைப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியின் அடியில் அல்ல.

காரில் குட்டியை விட்டுவிட்டு எல்லாரும் டிபன் சாப்பிடப் போவது – ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். வெயிலில் நிற்கும் காரில் பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். அக்னி நட்சத்திர நாட்களாக இருந்தால் இந்தப் பயணத்தையே ஜூனுக்குத் தள்ளுங்கள்.

*

கேள்வி: டெல்லியில் பீகிள் குட்டி மலிவாகக் கிடைக்கிறது. பணம் கட்டினால் விமானத்தில் அனுப்பிவைப்பதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். இந்த ஏமாற்று வேலை ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் முன்பணம். மறுநாள் “விமான நிலையத்தில் ஏசி கூண்டு கேட்கிறார்கள், இவ்வளவு அனுப்புங்கள், திருப்பித் தருவோம்” என்று ஒரு அழைப்பு. அதற்கு மறுநாள் இன்சூரன்ஸ். வீடியோவில் காட்டிய குட்டி வேறு யாருடையதோ. தெரிந்துகொள்ள எளிய வழி: இன்றைய தேதியை எழுதிய காகிதத்தைக் குட்டியின் பக்கத்தில் வைத்து, அதோடு தாயையும் சேர்த்து வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். சாக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

உண்மையான குட்டி என்றால் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியாவும், 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏரும் ஏற்றுகின்றன. கேபினில் எடை வரம்பு உண்டு. அது குட்டியும் பையும் சேர்ந்த எடை. ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்ற வரம்பும் இருப்பதால் உங்கள் டிக்கெட்டுக்கு முன்பு குட்டிக்கு இடம் உறுதி செய்யுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள். அந்த ஊசியோ 12-வது வாரத்தில்தான் போடப்படும். எட்டு, ஒன்பது வாரக் குட்டிக்கு என்ன ஏற்பாடு என்று மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். கவுன்டரில் நிற்பவரிடம் “போனில் சரின்னு சொன்னாங்களே” என்றால் எடுபடாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களைச் சரக்குப் பகுதியில் அனுப்பவே கூடாது. வெப்பத்தில் அவற்றால் மூச்சிரைத்து உடலைத் தணித்துக்கொள்ள முடியாது.

*

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் ஒரு காக்கர் ஸ்பானியல் குட்டி தயாராகிவிடும் என்கிறார்கள். நவம்பர் 25 முதல் ஒன்பது நாள் காசிப் பயணம் ஏற்கெனவே புக் செய்தாயிற்று. அதற்குள் குட்டி பழகிவிடாதா? ஒன்பது நாள், நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடலாம் என்று பார்க்கிறோம்.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வாரத்தைக் கணக்கிடுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் குட்டிக்கு எட்டு வாரம். தடுப்பூசிகள் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16-வது வாரம் வரை போகும். 12-வது வாரத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. நீங்கள் ரயில் ஏறும் நவம்பர் 25-ல் குட்டிக்குப் பதினைந்தரை வாரம். கடைசி ஊசி பாக்கி. அது போட்டும் இரண்டு வாரம் கழித்துத்தான் நல்ல போர்டிங் நிலையங்கள் சேர்த்துக்கொள்ளும். ஊசி முடியாத குட்டியை யோசிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடம் என்றால், மற்றவர்களின் ஊசி போடாத குட்டிகளையும் அப்படித்தான் சேர்த்திருக்கும். அங்கே விடாதீர்கள்.

நடுவில் நவம்பர் 8 தீபாவளி. அப்போது உங்கள் குட்டிக்கு 13 வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரம் வரை பார்த்துப் பழகுவது நாயின் மனதில் நிலைக்கும். பயமும் அப்படித்தான். புது வீட்டில் ஐந்தாவது வாரத்தில் மாடவீதி வெடிச்சத்தம் கேட்ட நாய், பத்து வயதிலும் கட்டிலுக்கடியில் போகும். மழைக்காலமும் அதே நேரம். தெருவில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் தேங்கினால் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல் வரலாம். அதற்கான ஊசியும் இரண்டு தவணை முடியாமல் இருக்கலாம்.

எங்கள் யோசனை, இந்தக் குட்டியை விட்டுவிடுங்கள். காசி போய் வந்து, டிசம்பரில் எட்டு வாரம் ஆகும் வேறொரு ஈற்றுக்குச் சொல்லி வையுங்கள். நாயின் கர்ப்பம் 63 நாள், அதனால் யாரிடம் எப்போது குட்டி தயாராகும் என்பது நான்கு மாதம் முன்பே ஓரளவு தெரியும். இதே குட்டியை டிசம்பர் வரை அங்கேயே வைத்திருக்கச் சொல்வதும் சரியில்லை, அந்த 14 வாரம் கூண்டிலேயே போய்விடும்.

இதே குட்டிதான் வேண்டும் என்றால் ஒருவர் காசிக்குப் போகாமல் இருக்க வேண்டும், அல்லது குட்டிக்கு ஏற்கெனவே பழகிய ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்க வேண்டும். தினம் இரண்டு வேளை வந்து சோறு வைத்துவிட்டுப் போவது இந்த வயதில் போதாது. விழித்திருக்கும் குட்டி சிறுநீரை அடக்கும் நேரத்துக்குத் தோராயக் கணக்கு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி. மூன்றரை மாதத்துக்கு நாலரை மணி நேரம், அதுவும் அதிகபட்சம்.

*

கேள்வி: குட்டி வந்து நான்கு நாள். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. விற்றவரைக் கேட்டால் “பயண அலுப்பு, தயிர்சாதம் கொடுங்க” என்கிறார். காத்திருக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இதழ் உங்கள் கையில் வருவதற்குள் முடிவு தெரிந்திருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே.

குட்டி துள்ளிக்கொண்டும் பசியோடும் இருந்து, மலம் மட்டும் இளகியிருந்தால் பெரும்பாலும் தீனி மாற்றம். வந்த அன்றே புதுத் தீனி, அதோடு பசும்பால் – இந்த இரண்டுதான் வழக்கமான குற்றவாளிகள். பழைய தீனியில் பத்து நாளுக்கு ஆகும் அளவு வாங்கி வந்து, முதல் மூன்று நாள் அதை மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு கால் பங்கு புதியது, இரண்டு நாள் கழித்துப் பாதி, அப்புறம் முக்கால். பாலே வேண்டாம்.

குட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடந்து, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல், வாந்தியும் எடுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். மலத்தில் ரத்தமும் தாங்க முடியாத ஒரு கெட்ட வாடையும் வந்தால் பார்வோ என்றே நினைத்துக் கிளம்புங்கள். ஆசனவாயில் துடைத்தெடுத்த பஞ்சில் பத்து நிமிடத்தில் சோதனை செய்யும் கிட் மருத்துவமனைகளில் இருக்கிறது. பெரம்பூருக்கு வேப்பேரி பக்கம். 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான். குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்தே கொண்டுபோங்கள், கூடத்தில் தரையில் விடாதீர்கள். “பார்வோவாக இருக்கலாம்” என்று நுழையும்போதே சொன்னால் தனியாக உட்கார வைப்பார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்த நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையைத் தராதீர்கள்.

விற்றவரிடம் பேச ஒரு தகவல்: பார்வோ உடலில் நுழைந்து அறிகுறி தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். நாலாவது நாளில் வந்த நோய் உங்கள் வீட்டில் பிடித்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அங்கேயோ வழியிலோதான் வந்திருக்கும். வாங்கிய அன்றே 48 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, நோய் கண்டால் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இப்போது பேச்சு சுருக்கமாக முடியும்.

வீட்டைக் கழுவ நம் ஊரில் பினாயில்தான் கைக்கு வரும். பார்வோ பினாயிலுக்குச் சாகாது. முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீட்டு பிளீச் திரவம் கலந்து, பத்து நிமிடம் தரையில் நிற்க விட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு பினாயிலையோ சோப்பையோ கலக்காதீர்கள்.

*

கேள்வி: மாநகராட்சி உரிமம் குட்டி வந்த உடனே எடுக்க வேண்டுமா? லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷனில் சொல்கிறார்கள்.
– வாசகி, ஆலந்தூர்

பதில்: சென்னை மாநகராட்சிப் பகுதியில் உரிமம் கட்டாயம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிடைக்காது என்பதால் 12-வது வாரம் ஊசி போட்ட கையோடு இணையத்தில் விண்ணப்பியுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்குப் பக்கமாக மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது, திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாப்பேட்டையிலும் உண்டு. மைக்ரோசிப் போட்டால் அதன் 15 இலக்க எண் தடுப்பூசி அட்டையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். (முதல் கேள்வி கேட்ட குரோம்பேட்டை வாசகிக்கு: உங்களுடையது தாம்பரம் மாநகராட்சி, அங்கே விசாரியுங்கள்.)

லிஃப்டைப் பொறுத்தவரை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுங்கள். சங்கம் தடை போட முடியாது. அதே சமயம் ஊசி முடியும் வரை குட்டியைத் தூக்கிக்கொண்டே லிஃப்டில் போவது அவர்களுக்கும் நல்லது, குட்டிக்கும் நல்லது.

*

கேள்வி: கிண்டிப் பக்கம் ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய்க்குட்டி தத்தெடுக்கிறோம். ஸ்கூட்டரில் முன்னால் பையில் வைத்துக் கொண்டுவந்தால் போதுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஸ்கூட்டர் வேண்டாம். கிண்டியிலிருந்து திருவொற்றியூர் வரை சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் பேருந்துகளின் புகை, அந்தப் பையின் உயரத்தில்தான் வரும். தார்ச் சாலையின் சூடும் அங்கேதான் அடிக்கும். காலை ஏழு மணிக்குள் அல்லது ராத்திரி எட்டுக்கு மேல் ஆட்டோ பிடியுங்கள். காப்பகத்தில் கொடுத்த ஊசி, பூச்சி மருந்து விவரங்களைத் தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பு காது மடலின் உள்பக்கம், கால்விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் குட்டியின் வயதையும் எடையையும் சொல்லி டாக்டரிடம் மருந்து கேட்டுப் போடுங்கள். வளர்ந்த நாய்க்கு விற்கும் மருந்தை அளவு குறைத்துப் போடாதீர்கள்.

ஆட்டோவில் குட்டியை மடியில் வைக்காமல், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, பெட்டியை உங்கள் கால்களுக்கு நடுவில் தரையில் வையுங்கள். இருபுறமும் திறந்த வண்டி, ராயபுரம் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரும். வாடகை பேசும்போதே “கூட ஒரு நாய்க்குட்டி இருக்கு, பெட்டிக்குள்ளேதான் இருக்கும்” என்று சொல்லிவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் அடுத்த முனையில் இறக்கிவிடுவார்.